அரிட்டாபட்டி: மலை எங்கே முடிகிறது?

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் நரசிங்கம்பட்டி வரை வந்து, அங்கிருந்து இடப்புறமாகப் பிரியும் ஊர்ச்சாலையில் திரும்பினால், சற்றுத் தொலைவிலேயே வயல்களுக்கு அப்பால் மொட்டைப் பாறைகளாக எழுந்து நிற்கும் குன்றுகள் தென்படத் தொடங்கும். அவற்றின் அடியில் இருக்கும் ஊர்தான் அரிட்டாபட்டி. மேலூர் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். என் தாய்வழிப் பாட்டி பிறந்த ஊரும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதனால் சிறுவயதில் இக்குன்றுகளைப் பேருந்துச் சன்னல் வழியாக எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஏறிப் பார்த்தது மட்டும் மிகவும் பிந்தித்தான். ஒரு கார்த்திகை மாதத்தில், சில நாள் தொடர்ந்து பெய்த மழை ஓய்ந்த மறுநாள் காலையில் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

கல்வெட்டைப் பார்ப்பதற்காகத்தான் போனேன். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் கண்ணை நிறைத்தது தண்ணீர். மலைச்சரிவின் மேல் பகுதியில் மண் என்பதே கிடையாது. மழை விட்டுப் பல மணி நேரம் ஆன பின்பும் வழுவழுப்பான அந்தப் பாறையின் மீது வெள்ளிக் கம்பிகளைப் போல நீர் இழைந்து இறங்கிக்கொண்டிருந்தது. வழி காட்ட உடன் வந்த ஊர்ப் பெரியவர், நான் நின்று பார்ப்பதைக் கண்டு, "மலையில பேஞ்சது பூராம் பொழுது சாயிறதுக்குள்ள கம்மாய்க்கு வந்துரும் தம்பி. மண்ணுல பேஞ்சாத்தான் மண்ணு குடிச்சிரும்" என்றார். இந்த ஊரின் நிலவியலை அதற்குப் பிறகு நான் எவ்வளவோ படித்தேன். படித்தவை அனைத்தும் அவருடைய அந்த இரண்டு வாக்கியங்களுக்கு விரிவுரையாகவே இருந்தன.

மேலூர் வட்டாரம் ஆண்டு முழுவதும் மழை பெறும் பகுதி அன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவதே பெருமழை. சில ஆண்டுகளில் அதுவும் நான்கைந்து நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வறண்ட மண்ணில் அப்படிப் பெய்யும் மழையில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கியோ வெயிலில் ஆவியாகியோ போய்விடும். மொட்டைப் பாறையில் பெய்வதோ ஏறத்தாழ முழுவதும் ஓடிவரும். அதாவது, ஒரு குன்று என்பது இங்கே கல்லால் ஆன மாபெரும் கூரை. அந்தக் கூரையின் தாழ்வாரம் எங்கெங்கே ஒழுகுமோ அங்கங்கே ஒரு கரையைப் போட்டுத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியதுதான் நம் முன்னோர் செய்த வேலை. பாறையின் வெடிப்புகளில் தங்கி நிற்கும் நீர் சுனையாகிறது. வழிந்து இறங்குவது வரத்துக்கால்களின் வழியாகக் கண்மாயை அடைகிறது. கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. பாண்டி நாட்டில் ஏரி என்று சொல்வோர் குறைவு. கண்மாய் என்பதே வழக்கு, பேச்சில் அது கம்மாய்.

ஏழு சிறு குன்றுகள், அவற்றைச் சுற்றி 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசின் அறிவிப்பு இப்பகுதியை விவரிக்கிறது. பாண்டியர் காலத்தது என்று அதே அறிவிப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஆனைகொண்டான் கண்மாய் அவற்றுள் ஒன்று. இத்தனை சிறிய நிலப்பரப்பில் இத்தனை நீர்நிலைகள் எப்படி என்று வெளியூர்க்காரர்கள் வியப்பதைக் கேட்டிருக்கிறேன். கூரை பெரிதாக இருந்தால் அடியில் வைக்கும் பானைகளும் அதிகமாக வேண்டும், அவ்வளவுதான் விடை. கழிஞ்சமலை, கழுகுமலை, தேன்கூட்டுமலை, ராமாயி மலை என்று ஊரார் ஒவ்வொரு குன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தக் குன்றின் எந்த முகத்துத் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குச் சேரும் என்பதையும் அந்தப் பெயர்களோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

கல்வெட்டு இருப்பது கழிஞ்சமலையில். பஞ்சபாண்டவர் படுக்கை என்று மக்கள் அழைக்கும் குகைத்தளம் அது. பாறை முன்னோக்கிக் கவிந்து நிற்க, அதன் கீழே சமண முனிவர்கள் தங்கிய இடத்தில் கற்படுக்கைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. மழைநீர் பாறையின் முகத்தில் வழிந்து உள்ளே புகுந்துவிடாமல் இருக்க, நெற்றிக்கு மேல் புருவம்போல ஒரு காடியையும் வெட்டியிருக்கிறார்கள். நான் போன அன்று அந்தக் காடியின் விளிம்பிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வெளிப்புறம் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே கற்படுக்கை உலர்ந்து கிடந்தது. ஏறத்தாழ 2200 ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒரு கல்தச்சர் வகுத்த வழியில் அன்றைய மழையும் விலகிப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கீழே கண்மாய்க் கரை போட்டவர்களுக்கும் இங்கே காடி வெட்டியவருக்கும் தெரிந்திருந்தது ஒரே அறிவு: பாறையில் தண்ணீர் எப்படி ஓடும் என்பது.

தமிழ்ப் பிராமி என்றும் சொல்லப்படும் பழைய எழுத்தான தமிழியில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இங்கே இரண்டு உள்ளன. "நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்" என்பது முதலாவது. நெல்வெளி என்னும் ஊரைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவன் இக்குகையைச் செய்துகொடுத்தான் என்பது பொருள். இரண்டாவது கல்வெட்டு 2003-ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. இலஞ்சி என்னும் ஊரைச் சேர்ந்த எளம்பேராதன் மகன் எமயவன் இக்குகையைக் கொடுத்ததாக அது சொல்கிறது. குகையைக் குறிக்க இரண்டிலும் வரும் சொல் நம் முழை, முழைஞ்சு ஆகியவற்றுக்கு உறவான சொல்.

இந்த இரண்டு ஊர்ப்பெயர்களைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நெல்வெளி என்பதில் நெல் இருக்கிறது. இலஞ்சி என்றால் பழந்தமிழில் நீர்நிலை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சி என்ற பெயரில் இன்றும் ஓர் ஊர் இருப்பதை அறிவோம். துறவிகள் தங்குவதற்குக் கல்லைக் குடைந்து கொடுத்தவர்களின் முகவரி நெல்லும் நீருமாக இருந்திருக்கிறது. இதைச் சான்றாகக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பதை அறிவேன். என்றாலும், கீழே நிறைந்து கிடக்கும் கண்மாயைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயர்களை உச்சரித்தபோது அவை பொருத்தமான இடத்தில் வெட்டப்பட்டிருப்பதாகவே தோன்றியது.

அரிட்டாபட்டியைத் தனியாக எடுத்துப் பார்ப்பது சரியாகாது. பக்கத்திலுள்ள மாங்குளம், மீனாட்சிபுரம் மலையில் இருக்கும் தமிழிக் கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சூவெல் கண்டறிந்தார். தமிழகத்தில் இவ்வகைக் கல்வெட்டுகளுள் முதன்முதலில் வெளியுலகுக்குத் தெரியவந்தவை அவையே. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், அவனுடைய பணியாளன் கடலன் வழுதியின் பெயரும், கணி நந்தாசிரியன் என்னும் முனிவருக்கு அளித்த பள்ளியைப் பற்றிய செய்தியும் அங்கே உள்ளன. சங்கப் பாடல்களில் மட்டும் கேட்ட ஒரு பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்கக் காண்பது சிறிய செய்தி அன்று. வெள்ளறை நிகமத்தைச் (வணிகக் குழுவை) சேர்ந்த வணிகர்கள் அளித்த கொடையும் அங்கே பதிவாகியிருக்கிறது. மேற்கே அழகர்மலைக் குகையில் உப்பு வணிகனும், கலப்பையில் பூட்டும் கொழுவை விற்ற வணிகனும் கொடையாளர்களாக வருகிறார்கள். கிழக்கே கீழவளவில் கொடையளித்தவன் தொண்டியைச் சேர்ந்தவன். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வரும் பெருவழியில் உப்பு வந்திருக்கிறது. அதே வழியில் துறவிகளும் வந்திருக்கிறார்கள். வழிப்போக்கர் எவராயினும், குடிநீருள்ள சுனையும் மழைக்கு ஒதுங்கும் முழையும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துத்தான் தங்கியிருப்பார்கள். இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் இடம் இந்தக் குன்றுகள்.

அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் கழித்து, ஏறத்தாழ கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில், இதே மலைக்கு மறுபடியும் சமணத்தின் கவனம் திரும்பியிருக்கிறது. குகைக்கு அருகில் முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர் உருவம் ஒன்று புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. அதன் கீழேயுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு அதை அச்சணந்தி என்னும் சமண முனிவர் செய்வித்த திருமேனி என்கிறது; மலைக்குத் திருப்பிணையன்மலை என்று பெயர் சொல்கிறது; பாதிரிக்குடி என்னும் ஊர்ப்பெயரையும் குறிக்கிறது. அச்சணந்தியின் பெயரைப் பாண்டி நாட்டுக் குன்றுகள் பலவற்றில் காணலாம். மதுரைக்கு மேற்கே சமணர்மலையில் அவருடைய தாயார் குணமதியின் பெயரும் கல்வெட்டில் இடம்பெற்றிருக்கிறது. தேய்ந்துகொண்டிருந்த ஒரு சமயத்தை நிலைநிறுத்துவதற்காக மலை மலையாக நடந்த அந்த மனிதர், ஏற்கெனவே ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டிருந்த ஒரு கற்படுக்கையைத் தேடி இங்கே வந்திருக்கிறார். நமக்குப் பழமையாகத் தோன்றும் அவருக்கே இந்த இடம் பழமையானதாக இருந்திருக்கும்.

ஊரார் இடைச்சி மண்டபம் என்று அழைக்கும் சிவன் குடைவரை இதே ஊரில் இன்னோர் இடத்தில் இருக்கிறது. முற்காலப் பாண்டியர் காலத்தது. கருவறை இலிங்கம் தாய்ப்பாறையிலேயே வடிக்கப்பட்டது. முகப்பில் ஒருபுறம் பிள்ளையாரும் மறுபுறம் இலகுலீசரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கையில் தடியோடு காட்டப்படும் இலகுலீசர் பாசுபத சைவத்தின் முதல்வராகப் போற்றப்படுபவர். மேற்கிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் அவருடைய உருவம் தமிழகத்தில் அரிது. கூர்ச்சரத்து (குஜராத்) மண்ணில் தோன்றிய ஒரு சைவ மரபு மேலூருக்குப் பக்கத்திலுள்ள ஒரு பாறை வரை நடந்து வந்திருக்கிறது என்பதற்கு இந்தச் சிற்பம் கண்கண்ட சான்று. இதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும். இங்கே இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பறவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்பகுதியில் ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் பதிவு செய்யப்பட்டுள்ளன. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மனிதர் ஏற முடியாத செங்குத்தான பாறை முகமும், கீழே இரை தேடத் திறந்தவெளியும், நீர்நிலைகளும் சேர்ந்திருந்தால்தான் இவை நிலைத்து வாழும். அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் இங்கே உண்டு. நான் சென்ற அன்று கழுகு எதுவும் என் கண்ணில் படவில்லை. சுனையோரத்தில் தட்டான்கள் மட்டும் கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தன.

இவையெல்லாம் சேர்ந்துதான் 2022-ஆம் ஆண்டு நவம்பரில், உயிரியல் பன்மைச் சட்டத்தின் கீழ், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்னும் அறிவிப்பை இந்த ஊருக்குப் பெற்றுத் தந்தன. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியிலும் மதுரை கிழக்கு வட்டத்து மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 ஹெக்டேர் நிலம் அந்த எல்லைக்குள் வருகிறது. அந்த அறிவிப்பு எளிதில் வந்துவிடவில்லை. மேலூர் வட்டாரத்தின் சாலைகளில் போய்வந்த எவரும் கிரானைட் குவாரிகள் குன்றுகளை எப்படித் தின்றிருக்கின்றன என்பதைக் கண்டிருப்பார்கள். நேர்க்கோடாக அறுக்கப்பட்ட பாறைச் சுவர்களும், அவற்றின் அடியில் பச்சை நிறத்தில் தேங்கி நிற்கும் பயனற்ற நீரும், சாலையோரங்களில் அடுக்கிக் கிடக்கும் கற்பாளங்களும் அந்த அழிவின் மிச்சங்கள். தங்கள் மலைக்கும் அந்த நிலை வந்துவிடக் கூடாது என்று அரிட்டாபட்டி மக்கள் பல ஆண்டுகளாகவே விழிப்போடு இருந்து வந்தார்கள். குன்றை அறுத்துவிட்டால் கூரை போயிற்று. கூரை போனால் எத்தனை ஆழமாகத் தூர்வாரினாலும் கண்மாய்க்குத் தண்ணீர் வராது. இதை அவர்களுக்கு எந்த நிபுணரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பெயரிட்ட நிலப்பரப்பில் அந்த உலோகத்தைத் தோண்டியெடுப்பதற்கான சுரங்க ஏலத்தின் முடிவு அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகுதியின் பரப்பு 2,015 ஹெக்டேருக்கு மேல். பாரம்பரியத் தலத்தின் 193 ஹெக்டேரும் அதற்குள் அடங்கியிருந்தது. டிசம்பர் 9-ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பிறகு அதே மாத இறுதியில் மத்திய அரசிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கித் தொகுதியின் எல்லையை மாற்றி வரைய இயலுமா என்று ஆராயுமாறு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொள்வதாக அதில் சொல்லப்பட்டிருந்தது.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அந்த யோசனைதான். வரைபடத்தில் அது நியாயமான தீர்வாகத் தோன்றும்: கல்வெட்டு தப்பும், குடைவரை தப்பும், வல்லூறு கூடு கட்டும் பாறையும் தப்பும். ஆனால் மலையிலிருந்து இறங்கும் வரத்துக்கால் 193 ஹெக்டேரின் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. அது நிறைக்கும் கண்மாயும், அந்தக் கண்மாயின் ஆயக்கட்டு வயல்களும், மறுகால் போய்ச்சேரும் அடுத்த ஊர்க் கண்மாயும் கோட்டுக்கு வெளியேதான் பரந்து கிடக்கின்றன. கூரையை மட்டும் விட்டுவிட்டு, அதிலிருந்து விழும் தண்ணீரைப் பிடிக்கும் முற்றத்தைத் தோண்டுவதற்கு ஒப்பான ஏற்பாடு அது. ஊர்மக்கள் அதை ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7-ஆம் நாள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தே சென்றார்கள். பாரம்பரியத் தலத்தின் எல்லைக்குள் ஒரு சென்ட் நிலமும் இல்லாத ஊர்களின் மக்கள் அந்தக் கூட்டத்தில் திரளாக இருந்தார்கள் என்பதே எனக்கு மிக முக்கியமான செய்தியாகப் படுகிறது. மலையின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அவர்கள் தண்ணீரின் கணக்கில் அறிந்திருந்தார்கள். ஜனவரி 23-ஆம் நாள் ஏலம் முழுவதுமாக ரத்து செய்யப்பட்டது.

செய்தித்தாள்கள் அதோடு அந்த ஊரை விட்டு நகர்ந்துவிட்டன. ஊரில் செய்ய வேண்டிய வேலைகள் அப்படியே இருக்கின்றன. நான் நடந்த வழியில் வரத்துக்கால் ஒன்று சீமைக்கருவேல முட்புதர்களால் பாதி அடைபட்டிருந்தது. நீர் அதைச் சுற்றிக்கொண்டு வண்டிப்பாதையின் மீது ஏறி ஓடியது. கண்மாயின் கரையையும் மடையையும் பழுதுபார்க்க அவ்வப்போது பணம் ஒதுக்கப்படுவதுண்டு; மலைக்கும் கண்மாய்க்கும் இடையிலுள்ள இந்தக் குறுகிய வாய்க்கால்கள் யாருடைய கணக்கிலும் முதலிடத்தில் வருவதில்லை. சுனைகளுக்கும் வரத்துக்கால்களுக்கும் ஊரார் சொல்லும் பெயர்களை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு ஒரு வரைபடத்தில் குறித்து வைப்பது, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே செய்யக்கூடிய பணி. அந்தப் பெரியவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த பெயர்களில் பாதியை நான் குறித்துக்கொள்ளத் தவறிவிட்டேன் என்னும் வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மழை நின்ற மறுநாள் போனால் தண்ணீரின் வழிகளை எல்லாம் பார்க்கலாம். ஆனால் பாறை வழுக்கும், ஊர்க்காரர் ஒருவர் துணையில்லாமல் ஏற வேண்டாம். கல்வெட்டு எழுத்துகள் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாறையின் முகத்துக்கு அருகே ட்ரோன் பறக்கவிடாதீர்கள். கூட்டில் அடைகாக்கும் வல்லூறு அதைப் பகையாகவே எண்ணும். சுனைநீரில் இறங்கிக் கால் கழுவாதீர்கள். அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் அழுங்குக்கும் உரிய குடிநீர்.

இரண்டாவது கல்வெட்டை நான் அன்று படிக்க முடியவில்லை. வானம் மூடியிருந்தது, ஈரப் பாறையில் கீறலும் எழுத்தும் ஒன்றாகவே தெரிந்தன. எழுத்து எங்கே தொடங்குகிறது என்று பெரியவர் விரலைப் பாறையில் படாமல் நீட்டிக் காட்டியும் என் கண்ணுக்கு அது பிடிபடவில்லை. "வெயில் சாய்வா விழணும் தம்பி, தை மாசம் வாங்க. அப்பக் கம்மாய்ல தண்ணியும் கிடக்கும், எழுத்தும் தெரியும்" என்றார். தை மாதத்தில் மறுபடியும் போகிறேன்.